ஒல்லியாக இருப்பவர்கள் எடை ஏற்ற: தட்டிலும் தராசிலும் கவனிக்க வேண்டியவை

"நான் நல்லாத்தான் சாப்பிடறேன், உடம்புல ஒட்டவே மாட்டேங்குது." இருபதையொட்டிய வயதில் ஒல்லியாக இருக்கும் பையன்களும் பெண்களும் அநேகமாக எல்லோரும் சொல்வது இதுதான். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளேட் பிரியாணியை முடித்துவிட்டு இன்னொரு அரை பிளேட் வாங்கியதைக் கூட இருந்தவர்களே பார்த்திருப்பார்கள். அன்று ராத்திரி பசியில்லை என்று ஒரு டம்ளர் பாலோடு படுத்ததும், திங்கட்கிழமை காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டிபனை விட்டதும் யார் கண்ணிலும் படாது. சாப்பிட்டவருக்கே நினைவிருக்காது. ஏழு நாள் வாய்க்குள் போனது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கூட்டினால், அந்த பிரியாணியின் லாபம் செவ்வாய்க்கிழமைக்குள் கரைந்திருப்பது தெரியும். எடை ஏறாததற்கு முதல் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது காரணம் உடல்வாகு. அது சாக்குப்போக்கு இல்லை, அளந்து பார்த்த விஷயம். 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் அவரவர் தேவையைவிட 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை. இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், சிலர் தம்மையறியாமல் கூடுதலாக அசைந்ததுதான்: காலாட்டுவது, எழுந்து நடப்பது, உட்கார்ந்த இடத்தில் நெளிவது. அதிகம் அசைந்தவருக்கு இந்த வகையில் மட்டும் நாளொன்றுக்கு 690 கலோரி வரை கூடுதலாகச் செலவாகியிருந்தது. போனில் பேசும்போது அறைக்குள் நடந்துகொண்டே இருக்கும் ஒல்லி நண்பரைக் கவனித்துப் பாருங்கள். அவருக்கு 300 கலோரி கூட்டிக் கொடுத்தால் உடம்பு அதில் பாதியை அசைவிலேயே செலவழித்துவிடும். அதனால் கணக்கு தப்பு என்று ஆகாது. இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கூட்டுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். சின்ன வயதிலிருந்தே ஒல்லியா, அல்லது சமீபத்தில் இளைத்தவரா? இரண்டும் வேறு வேறு. டயட் எதுவும் இல்லாமலே ஆறு மாதம் ஒரு வருடத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு இறங்கியிருந்தால், அதாவது 54 கிலோ இருந்தவர் 51-க்கு வந்திருந்தால், கடலை உருண்டையை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மாலை நேரக் காய்ச்சலும் இருந்தால் நம் நாட்டில் காசநோயைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பு, கை நடுக்கம், படபடப்பு, வியர்வை என்றால் தைராய்டு. தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்தால் சர்க்கரை, இந்த வயதில் வருவது இன்சுலின் சுரக்காமல் போகும் முதல் வகையாகவே (டைப் 1) இருக்கலாம். அடிக்கடி வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம் என்றால் குடல். சாப்பாட்டைப் பார்த்தாலே பயம், எடை ஏறிவிடுமோ என்ற கவலை என்றால் அது மனநல மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். வீட்டில் திட்டி ஊட்டுவதால் சரியாகாது. ஆரம்பத்தில் ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சிறுநீர் ஆகிய பரிசோதனைகளிலேயே நிறைய தெரிந்துவிடும். பூச்சி மருந்து சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தால் அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அது 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்று கணக்கு. 170 செ.மீ. உயரத்துக்கு அந்த எல்லை 53.5 கிலோ, 158 செ.மீ. உயரத்துக்கு 46 கிலோ சொச்சம். 18.5-க்கு மேலே இருந்து, மாடியேறினால் மூச்சு வாங்காமல், மாதவிலக்கு ஒழுங்காக வந்து, அடிக்கடி காய்ச்சலில் விழாமல் இருப்பவருக்கு எடை ஏற்ற வேண்டிய மருத்துவ அவசியம் எதுவும் இல்லை. "காத்தடிச்சா பறந்துடுவ" என்று சித்தப்பா சொல்வது மருத்துவக் காரணம் ஆகாது. பி.எம்.ஐ. 16-க்கும் கீழே போனவர்கள், பல நாளாகச் சரியாகவே சாப்பிடாதவர்கள், திடீரென்று நிறையச் சாப்பிட ஆரம்பிக்கக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவுகள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும்.

இனி, ஆரோக்கியமாக இருந்தும் ஒல்லியாக இருப்பவரின் கதைக்கு வருவோம். 170 செ.மீ. உயரம், 50 கிலோ, பி.ஜி.யிலோ ஹாஸ்டலிலோ தங்கி மெஸ் சாப்பாடு சாப்பிடும் ஒரு பையனை உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சூத்திரம் போட்டு அவருக்கு எத்தனை கலோரி வேண்டும் என்று கண்டுபிடிப்பதைவிட எளிய வழி இருக்கிறது. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் வழக்கம்போலச் சாப்பிட்டு, சாப்பிட்டதை எழுதி வைக்க வேண்டும். எடை அசையாமல் இருந்தால் அதுதான் அவருடைய அளவு. அதற்கு மேல் நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 300 வீதம் கூட்டினால் வாரத்துக்குக் கால் கிலோவை ஒட்டி ஏறும். வாரம் ஒரு கிலோ ஏற்றவும் முடியும், ஆனால் அதில் பெரும்பகுதி தொப்பையாகத்தான் வரும். நம் ஊர் உடம்பில் இது சாதாரணக் கவலை இல்லை. கை கால் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் தள்ளுவதும், அந்த வயிற்றோடு சர்க்கரை வருவதும் தெற்காசியர்களிடம் அதிகம்.

மெஸ் சாப்பாட்டில் உள்ள சிக்கல் வயிற்றில் இருக்கும் இடம்தான். நம் சாப்பாடு வயிற்றை அடைக்கும், கலோரி குறைவாக இருக்கும். நாலு இட்லி, சாம்பார், கொஞ்சம் சட்னி எல்லாம் சேர்த்து 350 கலோரியை ஒட்டித்தான் வரும். வயிறோ நிறைந்துவிடும். வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரிதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். ரசம் ஒரு கப் 30 கலோரிகூடத் தேறாது. எடை ஏறட்டும் என்று வீட்டில் காய்ச்சிக் கொடுக்கும் சத்துமாவுக் கஞ்சியைப் பாருங்கள்: 30 கிராம் மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு பெரிய டம்ளர் ஆக்கினால் 110 கலோரி. அதைக் குடித்த வயிற்றில் அடுத்த இரண்டு இட்லிக்கு இடமில்லை. கஞ்சி குடித்ததால் மொத்தம் குறைந்தே போகிறது. அதே கஞ்சியை 250 மி.லி. பாலில், 40 கிராம் மாவு போட்டு, ஒரு ஸ்பூன் நெய்யும் இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சினால் 450-ஐத் தொடும். அளவு அதே டம்ளர்தான்.

ஆக, இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டுக்கொள்வது கடைசி வழியாக இருக்கட்டும். இருக்கிற சாப்பாட்டில் எண்ணெய், எள், கடலை, தேங்காய், பால், முட்டை ஆகியவற்றை ஏற்றுவதுதான் முதல் வழி. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொல்லி வைத்தவர்களிடம் கலோரி அட்டவணை இல்லை, ஆனால் சரியாகத்தான் சொன்னார்கள். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். கொள்ளில் எண்ணெய் இல்லை என்றே சொல்லலாம்.

இட்லிக்கே இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு மேசைக்கரண்டி இட்லிப் பொடி, எள்ளும் உளுந்தும் போட்டு வறுத்தரைத்தது, ஏறத்தாழ 80 கலோரி. அதைக் குழைக்க மூன்று தேக்கரண்டி நல்லெண்ணெய் 120. இட்லியின் எண்ணிக்கை மாறவில்லை, 200 கலோரி ஏறிவிட்டது. பொடியைத் தட்டின் ஓரத்தில் தொட்டுக்கொள்ள வைத்தால் பாதி எண்ணெய் தட்டிலேயே நின்றுவிடும். எண்ணெயில் குழைத்த பொடியை இட்லி சூடாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் முழுதும் உள்ளே இறங்கும். ரயில் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் பொடி இட்லியின் ருசிக்கும் காரணம் அதுதான்.

மத்தியானத் தட்டில் வரிசை முக்கியம். ரசமும் மோரும் கடைசியில். முதல் சோற்றுக்குப் பருப்பும் ஒரு தேக்கரண்டி நெய்யும், பிறகு சாம்பாரோ குழம்போ. மெஸ்ஸில் பருப்பு தண்ணியாக இருந்தால் கையோடு இரண்டு அவித்த முட்டை கொண்டுபோவது நல்லது. சாப்பிட உட்காரும் முன் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கும் பழக்கத்தை விட வேண்டும், அரை மணி முன்னாலோ சாப்பிட்ட பிறகோ குடிக்கலாம். காபி, டீயும் அப்படித்தான். பதினொரு மணி டீ ஒரு மணிப் பசியைத் தின்றுவிடும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் குறைக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிகரெட்டும் பசியைக் கெடுக்கும் என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

மென்று சாப்பிடச் சோம்பல்படுகிறவர்களுக்குக் குடிப்பது சுலபம். மிக்ஸி இருந்தால் இந்த ஷேக்: ஆரஞ்சு பாக்கெட் பால், அதாவது 6 சதவீதக் கொழுப்புள்ளது, 250 மி.லி.; வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 30 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி; கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நாலு; ஒரு வாழைப்பழம். எல்லாம் சேர்ந்து 550 கலோரிக்கு மேல், புரதம் 17 கிராமை ஒட்டி. பலர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஓட்டிவிட்டு, நுரை பொங்குகிறது, கடலை திப்பி திப்பியாக நிற்கிறது என்று விட்டுவிடுவார்கள். பேரீச்சையை இருபது நிமிடம் கொஞ்சம் வெதுவெதுப்பான பாலில் ஊற வைத்து, சட்னி ஜாரில் அதையும் கடலையையும் ஊறிய பாலோடு முதலில் விழுதாக அரைக்க வேண்டும். பிறகு பழம், கடைசியில் மீதிப் பால், பத்து விநாடி சுற்று போதும். அதிக நேரம் ஓட்டினால் காற்று கலந்து நுரையாகும். அந்தக் காற்று வயிற்றுக்குள் போய் அரை டம்ளரிலேயே திகட்ட வைக்கும். சாப்பாட்டுக்கு முன் இதைக் குடிக்கக் கூடாது. டிபனுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில், அல்லது ராத்திரி படுக்க ஒரு மணி நேரம் முன்பு. காலையில் அரைத்து வைத்துச் சாயங்காலம் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பழம் கறுத்து கூழாகிவிடும்.

கடலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை மணம் வருவது, கசப்பது எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அப்படிப்பட்ட பருப்பில் வளரும் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதும் போகாது. மழைக்காலத்தில் மொத்தமாக வாங்கி வைப்பதைவிட அரைக்கிலோ அரைக்கிலோவாக வாங்குவது நல்லது.

மிக்ஸி இல்லாத அறைக்கு உருண்டைதான். வீட்டுக்குப் போகும்போது செய்து டப்பாவில் கொண்டு வந்துவிடலாம். வேர்க்கடலை 200 கிராம், எள் 100 கிராம், பொடித்த வெல்லம் 200 கிராம். எள்ளைக் களைந்து கல் நீக்கி உலர்த்திக்கொள்ளுங்கள். வெறும் வாணலியில் மிதமான தீயில் வறுத்து, படபடவென்று பொரிய ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும். கறுப்பு எள்ளில் நிறம் பார்த்து இறக்க முடியாது, சத்தத்தைத்தான் நம்ப வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் கசக்கும். கடலையைத் தனியாக வறுத்துத் தோல் தேய்த்து எடுத்து, இரண்டும் நன்றாக ஆறிய பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு நாலைந்து சுற்று. தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து வெண்ணெய் போல ஆகிவிடும். கடைசியில் வெல்லம் சேர்த்து இரண்டு சுற்று. பாகு வேண்டாம். எள்ளின் எண்ணெயே பிடித்துக்கொள்ளும், கையை இறுக்கிப் பிடித்தால் போதும். 25 கிராம் உருண்டையாக இருபது வரும். ஒன்று 120 கலோரி. காலை பத்தரைக்கு ஒன்று, மாலை நாலரைக்கு ஒன்று என்றாலே நாளுக்கு 240. ஈரக்கை படாமல் இருந்தால் இரண்டு வாரம் கெடாது. இரண்டு வாரம் அறை நண்பர்கள் விட்டு வைப்பார்களா என்பது வேறு விஷயம்.

புரதக் கணக்கு இதோடு சேர்ந்தது. எடைப் பயிற்சி செய்கிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் போதும். 50 கிலோ பையனுக்கு நாளுக்கு 80 கிராம். சைவ மெஸ்ஸில் மூன்று வேளையும் சாப்பிட்டாலும் பொதுவாக 40-ஐச் சுற்றித்தான் நிற்கும். அரை லிட்டர் பால் 16, இரண்டு முட்டை 12, ஐம்பது கிராம் கடலை 12 என்று மீதிப் பாதி வந்துவிடுகிறது. முட்டையும் சாப்பிடாதவர்களுக்குச் சோயா உருண்டை மலிவான வழி, காய்ந்தது 50 கிராமில் 26 கிராம் புரதம். வாடை பிடிக்கவில்லை என்பார்கள். கொதிநீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி மறுபடி பிழிந்தால் வாடை போய்விடும், அதன் பிறகு மிளகு வறுவலில் போட்டால் கறி போலவே இருக்கும். மீன் சாப்பிடுகிறவர்கள் வஞ்சிரத்தைத் தேட வேண்டாம், மத்தி மீனில் புரதமும் உண்டு, நல்ல கொழுப்பும் உண்டு, விலையும் குறைவு.

எல்லாவற்றையும் முதல் நாளே ஆரம்பித்தால் மூன்றாம் நாள் வயிறு உப்பிசமும் பேதியுமாகி மொத்தத் திட்டமும் கைவிடப்படும். இதுதான் பெரும்பாலானோர் இடறும் இடம். முதல் வாரம் உருண்டையும் பொடி எண்ணெயும் மட்டும். இரண்டாம் வாரம் பால். பால் குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு கடமுடவென்றால் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அரை டம்ளராகக் குறைத்துச் சாப்பாட்டோடு குடித்துப் பார்க்கலாம், இல்லையென்றால் கெட்டித் தயிருக்கு மாறிவிடலாம். சுண்டல், பயறு எல்லாம் வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆரம்பித்துப் பிறகு கூட்ட வேண்டும். ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வைத்தால் வாயுத் தொல்லை குறையும்.

சாப்பாட்டை மட்டும் கூட்டிப் பயிற்சியை விட்டால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் இருக்கும். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், தலா நாற்பத்தைந்து நிமிடம் போதும். ஒவ்வொரு நாளும் உடம்பு முழுவதற்கும்: உட்கார்ந்து எழும் பயிற்சி, தண்டால் அல்லது பெஞ்ச் பிரஸ், முதுகுக்கு இழுக்கும் பயிற்சி, இடுப்பை மடக்கித் தூக்கும் டெட்லிஃப்ட், தோளுக்கு மேலே தூக்குவது. ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை. இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த முறை இரண்டு கிலோ கூட்டி மறுபடி எட்டிலிருந்து. இந்தக் கூட்டல்தான் பயிற்சியின் உயிர். ஒரே ஐந்து கிலோ டம்பெல்லை ஆறு மாதம் தூக்கினால் முதல் மாதத்துக்குப் பிறகு தசைக்கு எந்தச் செய்தியும் போகாது.

ஜிம்முக்குப் போக வசதியில்லாதவர்கள் காலேஜ் பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கலாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் எடையைக் கூட்டும் கணக்கும் சுலபம். பையை மார்போடு அணைத்து உட்கார்ந்து எழுவது, குனிந்து இரண்டு கையாலும் பையை வயிற்றுப் பக்கம் இழுப்பது, முதுகில் மாட்டிக்கொண்டு தண்டால். பாட்டில்கள் உருளாமல் நடுவே ஒரு பழைய போர்வையைத் திணித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எடை ஒரு பக்கம் சாய்ந்து இடுப்பு பிடிக்கும். ஜிம்முக்குப் போகிறவர்களின் தவறு வேறு மாதிரி. வாரம் ஆறு நாள், முதல் அரை மணி டிரெட்மில், மீதி நேரம் கண்ணாடி முன் பைசெப்ஸ். ஓட்டத்தில் கூடுதல் கலோரி எரிந்துவிடும், கால் குச்சியாகவே இருக்கும். உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் முதுகிலும் இருக்கின்றன, எடை ஏறுவதும் அங்கேதான். நடை, சைக்கிள், சாயங்காலக் கிரிக்கெட் எதையும் விட வேண்டாம், அதற்கேற்பச் சாப்பாட்டைக் கூட்டினால் போதும்.

தூக்கத்தை இங்கே ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்து ஒன்பதரைக்கு எழுகிறவர் தூக்கத்தை இழக்கவில்லை, டிபனை இழக்கிறார். இந்தத் திட்டத்தில் அதுவும் அதே அளவு நஷ்டம்தான்.

தராசில் ஏமாறுவது மிகச் சுலபம். காலையில் எழுந்து கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், ஒரே தராசில், வாரத்தில் மூன்று நாளாவது எடை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் ஒரு கிலோ வித்தியாசம் சகஜம். முதல் வாரம் ஒரு கிலோ ஏறினால் கொண்டாட வேண்டாம். குடலில் கூடுதலாக இருக்கும் சாப்பாடு, உப்போடு சேர்ந்த நீர், தசையில் சேமிப்பாகச் சேரும் மாவுச்சத்தான கிளைகோஜன், ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சேரும் மூன்று கிராம் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். பெண்களுக்கு மாதவிலக்கையொட்டி நீர் ஏறி இறங்கும், எனவே ஒரு மாதத்தின் அதே வாரத்தை அடுத்த மாதத்தின் அதே வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வாரச் சராசரி அசையவில்லை என்றால் இன்னும் 150 கலோரி கூட்டுங்கள், ஒரு உருண்டையும் அரைப் பழமும் கணக்கு. எடை ஏற ஏற உடம்பின் தேவையும் ஏறும். 50 கிலோவில் பலன் கொடுத்த தட்டு 55-இல் சும்மா நிற்கும். இது தோல்வி இல்லை, கணக்கு.

தராசோடு ஒரு தையல் டேப்பும் வேண்டும். மாதம் ஒரு முறை தொப்புள் மட்டத்தில் இடுப்பு, மேல்கை, தொடை. மூன்று கிலோ ஏறியும் கையும் தொடையும் அசையாமல் இடுப்பு மட்டும் நாலு செ.மீ. கூடியிருந்தால் சாப்பாடு அதிகம் அல்லது பயிற்சி ஏமாற்று. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நம்மவர்களுக்கான இடுப்பு எல்லை, ஒல்லியாகத் தொடங்கியவருக்கும் அதே எல்லைதான்.

பவுடர், சிரப், லேகியம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எடை ஏற்றும் பவுடரான மாஸ் கெயினர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் முதல் பொருள் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது ஒரு வகை மாவுச்சத்து. மேலே சொன்ன ஷேக்கையே நாலு மடங்கு விலையில் வாங்குகிறீர்கள் என்பது என் கணிப்பு. பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதப் பவுடரான வே புரோட்டீன் தீங்கில்லை. முட்டை, பால் வழியாகப் புரதம் எட்டாதவருக்கு ஒரு ஸ்கூப் வசதி, ஆனால் அதில் 120 கலோரிதான், அதை மட்டும் குடித்து எடை ஏறாது. தசைக்குச் சக்தி தரும் பவுடரான கிரியாட்டின் மோனோஹைட்ரேட் தினமும் 3 முதல் 5 கிராம், பயிற்சி செய்கிறவருக்குப் பலன் தரும். ஆரம்பத்தில் ஏறும் ஒன்றரைக் கிலோ தசைக்குள் சேரும் தண்ணீர் என்று தெரிந்திருந்தால் சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பசியைத் தூண்ட மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிரப்பில் இருப்பது பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மருந்து. தூக்கமும் பசியும் வரும், நிறுத்தினால் பசியும் போய் எடையும் போகும். பைக் ஓட்டுகிறவருக்கு அந்தத் தூக்கக் கலக்கம் ஆபத்து. 'பதினைந்து நாளில் ஐந்து கிலோ' என்று லேபிள் சரியாக இல்லாத டப்பாவில் விற்கும் பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. முகம் மட்டும் உருண்டையாக உப்பி, கன்னம் பளபளத்து, முகப்பரு வெடித்தால் அது சதை இல்லை, அந்த மருந்தின் அடையாளம். எலும்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அது கெடுக்கும். சில வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் படுத்திருக்கும். டப்பாவோடு டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்தப் பொடிகளின் பெரிய வாடிக்கையாளர்கள் கல்யாணம் நிச்சயமான பெண்களும் மாப்பிள்ளைகளும்தான். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது என்றால் நேர்மையாக ஏற்றக்கூடியது இரண்டு, மூன்று கிலோ. மீதியை டெய்லரிடம் சொல்லி ஜாக்கெட்டிலும் கோட்டிலும் சரிசெய்துகொள்வது உத்தமம்.

ஒரு வருடத்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? காகிதத்தில் வாரம் கால் கிலோ என்றால் பதின்மூன்று கிலோ வரும். பரீட்சை, ஊர்ப்பயணம், விரதம், காய்ச்சல் எல்லாம் கழித்தால் ஆறிலிருந்து எட்டு கிலோ நல்ல வருடம். 50 கிலோ பையன் 57-இல் நிற்பான், சட்டை தோளில் பொருந்த ஆரம்பிக்கும். பெண்களுக்கு நாலிலிருந்து ஆறு.

காய்ச்சல் வந்தால் மூன்று நாளில் இரண்டு கிலோ இறங்கும். பதறி மறுவாரமே இரட்டிப்பாகத் திணித்தால் வாந்திதான் வரும். முதல் இரண்டு நாள் குழைந்த சோறும் மோரும், மூன்றாம் நாள் முட்டையும் பாலும், பசி திரும்பிய பிறகு உருண்டையும் எண்ணெயும். பயிற்சியில் முன்பு தூக்கிய எடையில் பாதியிலிருந்து ஆரம்பித்தால் பழைய அளவு சீக்கிரமே வந்துவிடும், புதிதாக ஏற்றியபோது பிடித்த நேரம் மறுமுறை பிடிக்காது. விரும்பிய எடை வந்ததும் ஷேக்கை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்து, மூன்று வாரச் சராசரி பார்த்து, இறங்கினால் ஒரு நாள் கூட்டி, ஏறினால் ஒரு நாள் குறைத்து அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பயிற்சியை மட்டும் குறைக்கக் கூடாது.